சக்கரவர்த்தியின் முப்பத்தோராம் நாள்

டண்டினொங் ஸ்டேஷனில் இறங்கி பஸ் எடுத்தால் இருபது நிமிடத்தில் நான் வேலை செய்யும் மண்டபம் வரும். செக் நாட்டுக்காரர்களின் சங்க மண்டபம். வாரத்தில் நாலு நாள் கூட்டித் துடைப்பேன், ஞாயிற்றுக்கிழமைகளில் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பேன். வேலைக்குச் சேர்ந்த அன்று செயலாளர் அம்மா என் வேலைகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். கழிவறை, கண்ணாடி, கதிரைகள், குப்பைவாளி. கடைசியில் ஒன்று: ஜனவரி முதலாம் திகதியும் ஜூலை முதலாம் திகதியும் படத்தைத் திருப்பவும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு அரை நாள் வேண்டும். என்னோடு அதே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்தான் வாசித்துச் சொன்னார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, "என்ன படம்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. அடுத்த நாள் போய்ப் பார்த்தேன்.

மண்டபத்தின் நடுச்சுவரில் பெரிய சட்டத்துக்குள் ஒரு கிழவர். வெள்ளைக் கோட்டு, நெஞ்சு நிறையப் பதக்கங்கள், வழுக்கைத் தலை. மீசை அப்படியே வளர்ந்து கன்னம் வழியாகக் காதுவரை போயிருந்தது. நாடியை மட்டும் சவரம் செய்திருந்தார். ஜூலை வந்தால் இவர் எங்களைப் பார்ப்பார். ஜனவரி வந்தால் சுவரைப் பார்ப்பார். அந்த ஆறு மாதமும் எங்களுக்குத் தெரிவது படத்தின் முதுகில் ஒட்டிய மண்ணிறக் கடதாசிதான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும். சங்கத்தைத் தொடங்கியவராக்கும், இதுவும் ஒரு வழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் தேங்காயை உடைக்கிறோம், சிதறவிடுகிறோம். அதை யாராவது ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறதா?

ஆனால் கதிரைகளை அடுக்குபவனுக்குச் சில விஷயங்கள் தெரியவரும். படம் எங்களைப் பார்க்கும் மாதங்களில் ஒரு பகுதியார் கதிரையைத் திருப்பிப் போட்டு, அதற்கு முதுகு காட்டித்தான் சாப்பிடுவார்கள். கடதாசி தெரியும் மாதங்களில் மற்றப் பகுதியார் அப்படிச் செய்வார்கள். நான் மனதுக்குள் முகம் பிடித்தவர்களுக்கு முகக்கட்சி, மற்றவர்களுக்கு முதுகுக்கட்சி என்று பெயர் வைத்திருந்தேன். செயலாளர் அம்மா முகக்கட்சி. தலைவர் முதுகுக்கட்சி. இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள்.

அந்த வருடம் எனக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் இருந்தவன் நான். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் போட ஒரு வழி பிறந்திருந்தது. வழக்கறிஞர் சென்னைப் பக்கத்துப் பெண்பிள்ளை, முப்பது வயதிருக்கும். "வேலை செய்யற இடத்துலேர்ந்து ஒரு லெட்டர் வேணும் அங்கிள். நல்லவர், நம்பிக்கையானவர்னு எழுதினா போதும். ரெண்டு பாரா போதும். ஆனா கண்டிப்பா வேணும்" என்றாள்.

செயலாளர் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் எடுத்தது. கேட்டதும் அவர் உடனே சம்மதித்தார். "ஆனா அஞ்சு பேரும் கையெழுத்து வைக்கோணும்" என்றார். அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். அவர்களுடையதும் உடைந்த ஆங்கிலம், என்னுடையதும் உடைந்தது. என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

சங்கத்தின் தலைப்பு அச்சடித்த தாளில் எது போனாலும் நிர்வாக சபையின் ஐந்து பேரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. "ஒருத்தன் மட்டும் கையெழுத்து வைச்ச கடுதாசியை எங்கட ஆக்கள் நம்பமாட்டினம்" என்று தலைவர் பிறகு எனக்கு விளக்கினார். தீர்மானங்களுக்கும் இதே விதிதான்; அதனால் குசினியில் தண்ணீர் கொதிக்கவைக்கப் புதுக் கேத்தல் வாங்கும் தீர்மானம் இரண்டு வருடமாக நிறைவேறாமல் கிடந்தது.

கூட்டம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று காலை நான் வெள்ளனவே போனேன். என்னுடைய கடிதத்தைப் பற்றிப் பேசப்போகிறார்கள். நானும் ஏதாவது நல்லதாகச் செய்யவேண்டும் என்று தோன்றியது. கையில் ஒரு பை. டண்டினொங் கடையில் வாங்கிய சந்தனச்சீவல் மாலை, சந்தனம், குங்குமம், படத்துக்குக் கீழே எரிகிற சின்னச் சிவப்புப் பல்ப்.

கிழவரின் கண்ணாடியை நன்றாகத் துடைத்தேன். நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். மாலையைச் சட்டத்தில் போட்டேன். பல்ப்பின் வயரைச் சுவரில் இருந்த பிளக்கில் கொழுவினேன். பதக்கங்களுக்கு மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. ஒரு கணம் எனக்கே கும்பிட வேண்டும்போல் இருந்தது.

ஐந்து பேரும் வந்தார்கள். முதலில் நுழைந்த தலைவர் அப்படியே நின்றார். பின்னால் வந்த நால்வரும் அவருடைய முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆர் செய்தது?" என்றார் தலைவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. செயலாளர் அம்மாவைப் பார்த்தார்.

"நான் செய்யேல்லை. ஆனா வடிவாய்த்தான் இருக்கு."

"உம்மட ஆக்களின்ர வேலைதான். முதல்ல முகத்தைக் காட்டுறதுக்கு ஆறு மாசம் கேட்டியள். இப்ப சிவப்பு லைற். நாளைக்கு மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில நிப்பியள்."

"நிண்டா உமக்கென்ன? அவர்ர காலத்தில ரயில் நேரத்துக்கு வந்தது. என்ர தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர். ரயிலைப் பார்த்துத்தான் ஊர்ச்சனம் மணிக்கூட்டைச் சரிபண்ணும். இஞ்ச டண்டினொங் லைனைப் பாரும்! ரயிலுக்குப் பதிலா பஸ் விடுறாங்கள்."

"ரயில் நேரத்துக்கு வந்தது, ஓம். அவர் வந்தவரோ?"

மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். செக் பாஷையில் மேசையில் குத்திக் குத்திப் பேசினார்கள். கடைசியில் தலைவர் தாள்கள் வைத்திருந்த பைலை மூடினார். அதற்குள்தான் என்னுடைய கடிதம் இருந்தது. "செய்தது ஆர் எண்டு தெரியிறவரைக்கும் ஒரு தீர்மானமும் இல்லை. கடிதமும் இல்லை, கேத்தலும் இல்லை."

நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். சொன்னால் கடிதம் போய்விடும். சொல்லாவிட்டாலும் போய்விடும். கோப்பைகள் தட்டில் கிடந்து கிலுகிலு என்று ஆடியதில் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"நான்தான்" என்றேன்.

"நீயோ? ஏன்?"

"மரியாதைக்கு."

செயலாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. தலைவரின் முகம் சிவந்தது. நான் பயந்துபோய் அவசரமாக, "செத்த ஆளுக்கு" என்று சேர்த்தேன். "எங்கட ஆக்கள் செத்தவையின்ர படத்துக்குத்தான் மாலை போட்டு லைற் வைப்பினம். உயிரோட இருக்கிற ஆளின்ர படத்துக்குப் போட்டா அடிக்க வருவினம்."

இப்போது தலைவரின் முகம் மலர்ந்தது. "கேட்டியளோ? இது மரண அறிவித்தல்!"

"மரியாதை எண்டுதான் முதல்ல சொன்னவன்" என்றார் செயலாளர் அம்மா.

"ரெண்டும்தான்" என்றேன். முன்னே சொன்னதையும் சேர்த்தால், இந்த நாட்டில் அதுவரை நான் ஒரே மூச்சில் பேசிய அதிகமான பேச்சு அதுதான்.

பிறகுதான் அந்தக் கிழவர் யார் என்று சொன்னார்கள். ஹப்ஸ்பர்க் என்ற ராச குடும்பத்துச் சக்கரவர்த்தி. வியன்னாவில் இருந்துகொண்டு செக் நாட்டுக்காரரையும் சேர்த்து ஆண்டவர். செத்து நூறு வருடத்துக்கு மேல். இந்தப் படத்தைக் கப்பலில் கொண்டுவந்தவருக்குச் சட்டம்தான் பிடித்திருந்தது. உள்ளே இருந்த ஆளைக் கழற்றும் வேலைக்குப் பஞ்சிப்பட்டு அப்படியே விட்டுவிட்டார். அவரும் செத்துப்போனார். அன்றிலிருந்து சண்டை.

"எங்கட பாஷையில ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு கந்தோருக்குப் போனா எடுக்கமாட்டினம். ஜெர்மன் பாஷையில எழுதிக்கொண்டு வா எண்டுவினம்" என்றார் தலைவர். எங்கள் ஊர் அரசாங்கக் கந்தோர்களிலும் எங்கள் பாஷையில் எழுதினால் எடுக்கமாட்டார்கள்; இதை எனக்கு விளக்கத் தேவையில்லை என்பதை அவர் அறியார். நான் தலையை ஆட்டினேன்.

"அதைக்கூட விடு. பிராக் நகரத்துக்கு வந்து எங்கட கிரீடத்தைத் தலையில வைப்பன் எண்டு எழுதித் தந்தவர். ராசாவாய் வாறன் எண்டு. என்ர தாத்தாவின்ர தகப்பன் ஊர் பாண்ட் கோஷ்டியில ட்ரம்பெட். வரவேற்புக்கு ஒரு பாட்டுப் பழகினவை. மனுசன் வரேல்லை. பழகினதை விடாமல் தன்ர மகனுக்குச் சொல்லிக் குடுத்தார். அவர் என்ர அப்பாவுக்கு. அப்பா எனக்கு. எனக்கும் தெரியும் அந்தப் பாட்டு. வாசிக்கத்தான் இடமில்லை."

பிறகு தலைவர் என்னிடம் கேட்டார்: "மாலை போட்ட பிறகு உங்கட ஆக்கள் என்ன செய்வினம்?"

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. படையல் வைச்சு, எல்லாருக்கும் சோறு குடுப்பம். அதோட செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு எல்லாம் போயிடும்."

"அதுக்குப் பிறகு அந்த ஆள் வீட்டுக்கை நிக்கிறேல்லையோ?"

"இல்லை. போயிடுவார். படம் மட்டும்தான் நிக்கும்."

தலைவர் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். "நாங்கள் அவையின்ர சிலையை எல்லாம் இழுத்து விழுத்தினம். கொடியைக் கிழிச்சம். ஆனா ஒருத்தரும் சோறு போட்டு அனுப்பேல்லை. அதுதான் ஆள் இன்னும் போகாமல் நிக்குது."

செயலாளர் அம்மா நாட்காட்டியை எடுத்து விரலால் எண்ணினார். மாலை போட்ட நாளை முதல் நாளாக வைத்தால் முப்பத்தோராம் நாள் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் நாட்காட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது சக்கரவர்த்தியின் பிறந்தநாளாம். முதுகுக்கட்சி செத்தவீட்டுச் சடங்கு செய்யலாம், முகக்கட்சி பிறந்தநாள் கொண்டாடலாம். சங்கத்தின் வரலாற்றில் முதல் ஒருமனதான தீர்மானம் அன்று நிறைவேறியது: நான் அந்தியேட்டி செய்யவேண்டும், முடிந்த பிறகு கடிதத்தில் ஐந்து பேரும் கையெழுத்து வைப்பார்கள்.

டண்டினொங்கில் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணைக்கு இப்படியான முறைதலைகள் எல்லாம் தெரியும்.

"ஆருக்கு அந்தியேட்டி?"

"ஒரு சக்கரவர்த்திக்கு அண்ணை."

அண்ணை பருப்பை நிறுத்துக்கொண்டே, "எந்தப் பகுதி?" என்றார்.

"வியன்னா."

"அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினமோ! எப்ப தவறிப்போனவர்?"

"நூறு வருசத்துக்கு மேல."

அண்ணை பருப்பை வைத்துவிட்டு என்னை ஏறஇறங்கப் பார்த்தார். முழுக்கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "பிழையில்லை. ஆனா கொள்ளி வைச்ச ஆள்தானே அந்தியேட்டியும் செய்யோணும். பிள்ளையள் இல்லையோ?"

"ஒரு மகன். தகப்பனுக்கு முன்னமே போயிட்டாராம்."

"ச்சொச்சொ. அப்ப பேரன்மார்?"

"தெரியாது அண்ணை."

"உரிமைக்காரர் ஆர் எண்டு முதல்ல கேள். இல்லாட்டில் வெறும் சாப்பாடுதான். ஐயர் எண்டா கோத்திரம் கேட்பார், அதுக்கு நீ எங்கை போவாய்? நீயே தேவாரம் படி. ஆளுக்கு என்ன சாப்பாடு விருப்பமாம்?"

"அவிச்ச மாட்டிறைச்சி."

"சிவசிவா. கடைக்கை நிண்டு கதைக்காதை. இந்தா, வாழையிலை."

உரிமைக்காரர் யார் என்ற கேள்வியை நான் நிர்வாக சபையிடம் கொண்டுபோனேன். அதற்கு இரண்டு கூட்டம் எடுத்தது. முகக்கட்சி, அவர் எங்களுக்கு அப்பா மாதிரி, ஆகவே நாங்கள் பிள்ளைகள் என்றது. முதுகுக்கட்சி, அவர் எங்களைப் பிள்ளைகளாக நடத்தவில்லை, ஆகவே நாங்கள் வெளியாட்கள் என்றது. அப்படியென்றால் வெளியாட்களுக்கு ஏன் துடக்கு என்று செயலாளர் அம்மா கேட்டார். அதற்குத் தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். முப்பது நாளில் இருபத்தாறு போய்விட்டது. வழக்கறிஞர் பிள்ளை இரண்டு முறை போன் எடுத்துக் கடிதம் எங்கே என்று கேட்டாள். "சடங்கு முடியோணும் பிள்ளை" என்றேன். யாரோ சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்று நினைத்து அவள் வருத்தம் சொன்னாள்.

கடைசியில் தலைவரே எழும்பினார். "பிள்ளையோ இல்லையோ, வாறன் எண்ட ஆளுக்காகப் படலை வாசலில காத்துக்கொண்டு நிண்டது எங்கட குடும்பம். காத்து நிண்டவன்தான் அனுப்பியும் வைக்கோணும்."

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நான் காலை ஐந்து மணியிலிருந்து சமைத்தேன். சோறு, பருப்பு, பூசணிக்காய்க்கறி, வடை, பாயசம். அவர்களுடைய மாப்பண்டமும் செய்தேன். மாவை நீளமாக உருட்டி அவித்து, கத்தி படாமல் நூலால் வெட்டுவார்கள். நூலால் வெட்டுவது எனக்கு அங்கே மிகவும் பிடித்த வேலை. மாட்டிறைச்சி கூடாது என்று சொல்லியிருந்தேன். செயலாளர் அம்மா சரி என்றார். ஆனால் மேசைக்குக் கீழே, விரிப்பால் மறைத்து, ஒரு சின்னத் தட்டு இருந்ததை நான் கண்டேன். காணாததுபோல் இருந்துவிட்டேன். பிறந்தநாள்தானே.

வாழையிலையில் படைத்தேன். பியர் ஒரு கிளாஸ் வைத்தார்கள். தலைவர் சூட் போட்டு ரை கட்டியபடி நின்றார். நான் சொன்னபடி தண்ணீரைச் சுற்றி விட்டார், கற்பூரம் காட்டினார். எனக்குத் தெரிந்த ஒரே தேவாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் யாருக்கும் முதுகு காட்டவில்லை.

பிறகு தலைவர் ஒரு பெட்டியைத் திறந்து ட்ரம்பெட்டை எடுத்தார்.

நான் சோகமாக எதையோ எதிர்பார்த்தேன். வந்தது வரவேற்புப் பாட்டு. டக் டக் என்று குதிரைகள் வருவதுபோன்ற நடை. எண்பது வயது மூச்சு இரண்டு இடத்தில் அறுந்தது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ராசா வருகிறார் என்று சொல்லும் பாட்டை வாசித்து அந்த ராசாவை வெளியே அனுப்பினோம். முடிந்ததும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான்" என்றார்.

காகத்துக்கு வைக்கவேண்டும் என்று சொல்லி, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் இலையில் சோறு வைத்தேன். குளிருக்குள் நாற்பது பேர் நின்று பார்த்தோம். காகம் வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமான மக்பைப் பறவை ஒன்று வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனது.

"இது கணக்கில வருமோ?" என்று செயலாளர் அம்மா காதுக்குள் கேட்டார்.

"பாதி கறுப்புத்தானே அம்மா."

அந்த இடத்திலேயே கை உயர்த்தி, மக்பையும் காகம்தான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

கடிதம் வந்தது. ஐந்து கையெழுத்து. வழக்கறிஞர் பிள்ளை வாசித்துக்கொண்டே போனவள் நிறுத்தினாள்.

"அங்கிள், இரண்டாவது பாராவுல என்ன இது? 'எங்கள் சக்கரவர்த்தியை முறைப்படி அனுப்பி வைத்தவர்'னு இருக்கு?"

"ஓம் பிள்ளை."

"இதை மட்டும் எடுத்துட்டு ஒரு புது லெட்டர் தரச் சொல்லுங்களேன்."

"எடுக்கிறதெண்டா அஞ்சு பேரும் ஒத்துக்கொள்ளோணும்."

நான் சொன்ன விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கடிதம் அப்படியே போனது.

ஜனவரி முதலாம் திகதி பழக்கத்தில் படத்தைத் திருப்பப் போனேன். பல்ப்பின் வயர் இழுத்துப் பிடித்தது. திருப்பினால் பிளக்கிலிருந்து கழன்றுவிடும். நீளமான வயர் வாங்கலாமா, படம் இப்படியே இருக்கட்டுமா என்று சபையிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மாதமே விசாக் கந்தோரிலிருந்து மேலதிக விவரம் கேட்டுக் கடிதம் வந்தது. வழக்கறிஞர் பிள்ளை போனில் வாசித்தாள். கடிதத்தில் குறிப்பிடப்பட்ட சக்கரவர்த்தி என்ற நபருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன உறவு? அவர் தற்போது எங்கே வசிக்கிறார்?

பத்து வருடம் காத்திருந்து, ஒரு சந்தனப் பொட்டால் போகப்போகிறதா? அவளுடைய அலுவலகத்துக்கு ஓடினேன்.

"உறவு இல்லைன்னு போடறேன். அவர் இறந்துட்டார்னு போடறேன். ஆதாரம் ஏதாவது இருக்கா அங்கிள்?"

என்னிடம் என்ன இருக்கும்? போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மாலை, பொட்டு, சிவப்புப் பல்ப். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "ஓ, சரி சரி" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு அதையே இணைத்து அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான், வெள்ளைக்காரனுக்கு இது விளங்குமா என்ற யோசனை எங்கள் இருவருக்கும் வந்தது.

விளங்கியிருக்க வேண்டும், அல்லது விளங்காமல் விட்டிருக்க வேண்டும். மாரியம்மன் பொங்கல் முடிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குசினியில் மாப்பண்டத்தை நூலால் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் எடுத்தாள். "அங்கிள், கிடைச்சாச்சு." நூல் கையிலேயே இருந்தது. மிச்ச மாவையும் வெட்டி முடித்தேன்.

அடுத்த வாரம் விசாக் கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்த் தலைவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"இதில ஒரு கையெழுத்துத்தான் இருக்கு" என்றார்.

"ஓம்."

"ஒருத்தன் எழுதித் தந்ததை நம்பி எங்கட ஆக்கள் பட்டது போதும்." சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து அதன் கீழே தன் கையெழுத்தை வைத்தார். செயலாளர் அம்மாவைக் கூப்பிட்டார். அவரும் பேனையை வாங்கித் தன் கையெழுத்தை வைத்தார். மற்ற மூவரையும் மேசைக்கு வரவழைத்தார்கள்.

அந்தத் தாள் இப்போது என்னிடம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. வழக்கறிஞர் பிள்ளை, அரசாங்கக் கடிதத்தில் இப்படிக் கிறுக்கக்கூடாது, வேறு ஒன்று அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எடுத்தேன். ஒரே ஒரு கையெழுத்து உள்ள அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.